சாவடி போயிற்று, கட்டடம் என்ன ஆகும்?

கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் பிழைப்புத் தேடிப் போன தமிழர் எவரும் வாளையாரை மறந்திருக்க மாட்டார். பஸ்ஸில் சென்றவருக்கு அது தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம். லாரியில் சென்றவருக்கோ அது காத்துக் கிடந்த இடம். அரிசி, காய்கறி, சிமெண்ட், நூல், முட்டை என்று எதை ஏற்றி வந்தாலும் வரிச் சாவடியில் காகிதம் காட்டி முத்திரை வாங்காமல் அப்பால் நகர முடியாது. லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நின்ற நாட்கள் உண்டு. டிரைவர் இருக்கையிலும் கிளீனர் வண்டிக்கு அடியிலும் படுத்துத் தூங்கிய இரவுகள் எத்தனையோ!

1956 நவம்பர் 1ஆம் நாள் வரை வாளையாரில் மாநில எல்லை என்று ஒன்று இல்லை. மலபார் ஜில்லாவும் கோவை ஜில்லாவும் ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தன. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த பிறகே இது இரு மாநிலங்களின் வாசலாயிற்று. வாசல் வந்ததும் வாசற்படியில் சாவடி வந்தது. சாவடியைச் சுற்றி ஒரு சிறு உலகமே வளர்ந்தது. டீக்கடை, சாப்பாட்டுக் கடை, எடைமேடை, டயர் பஞ்சர் ஒட்டும் கடை, லாரி ஆபீசுகளின் கிளை அறைகள், படிவம் எழுதிக் கொடுக்கும் குமாஸ்தாக்களின் மேஜைகள் ஆகியவை எல்லாம் அந்தக் காத்திருப்பை நம்பி எழுந்தவை. தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே ஒரு மேஜை போட்டுக் குடும்பம் நடத்த முடிந்தது.

2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. எல்லையில் வரி வசூலிக்கும் சாவடிகளுக்கு அத்துடன் வேலை இல்லாமல் போயிற்று. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. ஒரு கட்டுக் காகிதம் செய்த வேலையைச் செல்போனில் உள்ள ஓர் எண் செய்யத் தொடங்கியது. வரிக்காக லாரி நிற்பது ஒழிந்தது நல்லதே. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. மது கடத்தல் போன்றவற்றுக்கு வேறு துறைகள் நடத்தும் சோதனை வேறு விஷயம். வரி வசூலுக்காக எழுந்த கட்டடங்களும், அதை நம்பி எழுந்த கடைகளும் ஆபீஸ் அறைகளும் தம் பழைய வேலையை இழந்தன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வாளையாருக்கு மட்டும் உரியதல்ல இது. இடுக்கி எல்லையில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய இடங்களையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலை போன கட்டடத்தை என்ன செய்வது? பூட்டிப் போடலாம், மழையும் கரையானும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இடித்துத் தள்ளலாம்; கல்லும் மரமும் உழைப்பும் வீணாகும். சுவரையும் கூரையையும் வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் மாற்றி அமைத்து வேறு வேலைக்குக் கொண்டுவரலாம். இந்த மூன்றாவது வழியைத்தான் இன்று உலகின் பல நகரங்கள் பின்பற்றுகின்றன. உள் அலங்காரம் என்றால் பணக்காரர் வீட்டுத் திரைச்சீலையும் தொங்கு விளக்கும் என்றே பலர் நினைக்கின்றனர். பழைய கிடங்கு ஒன்றில் எங்கே தடுப்புச் சுவர் வைப்பது, எங்கே ஜன்னல் திறப்பது, எங்கே கழிப்பறை கட்டுவது, ஆபத்து வந்தால் எந்த வழியாக ஆட்கள் வெளியேறுவது என்று தீர்மானிப்பதும் அந்தத் தொழில்தான்.

கேரளத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. கொச்சிக் கோட்டைக் கடலோரத்தில் உள்ள ஆஸ்பின்வால் மாளிகை, 1867இல் தொடங்கிய ஆங்கில வணிக நிறுவனத்தின் இடம். மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காய் எண்ணெய், மரம் என்று கப்பலேறிய சரக்கெல்லாம் இருந்த கிடங்குகள் அவை. 2012 டிசம்பர் 12ஆம் நாள் கொச்சி முசிரிஸ் பினாலே என்னும் கலைக் கண்காட்சி தொடங்கியபோது, அதற்கு முக்கிய இடமாக அமைந்தது அந்த மாளிகையே. ஆலப்புழையிலும் 2021இல் நடைபெற்ற ஒரு பெரிய ஓவியச் சிற்பக் கண்காட்சிக்குப் பழைய கயிற்றுத் தொழில் கட்டடங்கள் பயன்பட்டன. எல்லைக்கு இப்பால் கோவை அவிநாசி சாலையில், 1910இல் நிறுவப்பட்ட லட்சுமி மில்லின் வளாகம் இன்று கடைகளும் உணவு விடுதிகளும் நிறைந்த இடமாக மாறியிருக்கிறது.

இவை வரவேற்கத் தக்கவையே. இடிந்து போக இருந்த கட்டடங்கள் பிழைத்தன. ஊருக்கு வருமானமும் வந்தது. ஆனால் ஒரு குறை மனத்தை உறுத்துகிறது. மிளகு மூட்டையை முதுகில் சுமந்தவன் பேரனும், கயிறு முறுக்கியவள் பேத்தியும், நூற்பாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறி உழைத்தவர் மகனும் அந்தக் கட்டடங்களுக்குள் இன்று எந்த வகையில் நுழைகின்றனர்? காவலாளியாகவோ கூட்டிப் பெருக்குபவராகவோ நுழைகின்றனர். அல்லது டிக்கெட் வாங்கிப் பார்வையாளராக நுழைகின்றனர். ‘இது எங்களுக்கு’ என்று சொல்லிக்கொள்ளும்படி ஓர் அறை அங்கே அவர்களுக்கு உண்டா என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

பம்பாயின் கதை இதைவிடக் கசப்பானது. 1982 ஜனவரியில் தொடங்கிய ஜவுளித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் ஈடுபட்டனர். அதன்பின் பல ஆலைகள் நலிந்து மூடின. ஆலை நிலங்களில் அங்காடிகளும் ஆபீசுகளும் எழுந்தன. கமலா மில்ஸ் வளாகமும் அப்படி மாறிய இடங்களில் ஒன்று. 2017 டிசம்பர் 29ஆம் நாள் பின்னிரவில் அங்கிருந்த மேல்தள உணவு விடுதிகளில் தீப்பற்றி 14 பேர் மாண்டனர். இடத்தின் வேலை மாறும்போது பாதுகாப்பும் அதற்கேற்ப மாறாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அது பயங்கரமான பாடம்.

காலதாமதமும் ஒரு பகைதான். கோழிக்கோட்டில் மானாஞ்சிறை அருகே 1844இல் பாசல் மிஷன் தொடங்கிய நெசவாலை, பின்னர் காமன்வெல்த் டிரஸ்ட் வசம் வந்து காம்டிரஸ்ட் என்று பெயர் பெற்றது. 2009இல் அது மூடப்பட்டது. தொழிலாளர் போராடினர். ஆலையை அரசே ஏற்பதற்கான மசோதாவைக் கேரள சட்டமன்றம் 2012இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வர 2018 ஆயிற்று. சட்டம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்த ஆறு ஆண்டுகளிலும் ஓடுகளின் வழியே மழைநீர் இறங்கியிருக்குமே தவிர, காத்திருந்திருக்காது. தறியில் உட்கார்ந்த கைகளுக்கும் அந்த ஆண்டுகளில் வயது ஏறியது.

இந்தப் பாடங்களை எல்லாம் வைத்துக்கொண்டு வாளையாரைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு வசதி உண்டு. வரிச் சாவடி என்பது பொதுச் சொத்து. தனியார் லாபக் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேவை என்ன என்பதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

2020 மே மாதத்தை நினைத்துப் பார்த்தால் போதும். கொரோனா ஊரடங்கின்போது தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குத் திரும்பியவர்கள், அனுமதிச் சீட்டு இல்லை என்று வாளையாரில் நிறுத்தப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் வழியிலேயே தவிக்க நேர்ந்தது. விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றது. அன்று தவித்தவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் என்பதைச் சொல்லியாக வேண்டும். எல்லையில் தலைக்கு மேல் ஒரு கூரை, கால் நீட்ட ஓர் இடம், பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்பது ஒரு மொழியினரின் கோரிக்கை அல்ல. வழியில் நிற்கும் எல்லோருடைய கோரிக்கையும் ஆகும்.

தொழிலாளருக்கான தங்குமிடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியும் பக்கத்திலேயே இருக்கிறது. வாளையாரை அடுத்த கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளருக்காக ‘அப்னா கர்’ என்னும் விடுதியைக் கேரள அரசு 2019இல் திறந்தது. 620 பேர் தங்கும் வசதி கொண்டது அது. புதிய கட்டடம் எழுப்பி அதைச் செய்த அரசுக்கு, இருக்கும் கட்டடத்தை மாற்றி அமைப்பது முடியாத காரியம் அல்ல.

சாவடி என்றால் அதன் அமைப்பு எப்படிப்பட்டது என்பது தெரிந்ததே. லாரி நிற்க அகன்ற இடம், வரிசையில் நின்று காகிதம் நீட்ட ஜன்னல்கள், கோப்பு அடுக்க அறைகள், இரவுக் காவலுக்கு விளக்குகள் உண்டு. பாதி வசதி ஏற்கெனவே தயார் என்று பொருள். நீண்ட தூரம் ஓட்டி வந்த டிரைவரும் கிளீனரும் குளித்து, நான்கு மணி நேரம் நிம்மதியாகப் படுத்து எழ ஒரு கூடம் அமைக்கலாம். பெண்களுக்குத் தனியே கதவு உள்ள ஒரு காத்திருப்பு அறை வேண்டும். கோப்புகள் இருந்த அலமாரிகளில் தமிழ், மலையாளப் பத்திரிகைகளும் புத்தகங்களும் இருக்கலாம். முத்திரைக்காக லாரிக்காரர்கள் தலை குனிந்து நின்ற அதே ஜன்னல்கள் உதவி ஜன்னல்கள் ஆகலாம். வங்கிப் படிவம், இன்ஷூரன்ஸ் மனு, சம்பள பாக்கி பற்றிய புகார் ஆகியவற்றை இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுக்க அங்கே ஆள் இருக்க வேண்டும். சாவடி போனதால் மேஜையை இழந்த பழைய குமாஸ்தாக்களைவிட அதற்குத் தகுதியானவர் யார்?

வேலையைச் செய்யும் முறையிலும் கவனம் தேவை. பெயிண்ட் அடித்து, பெயர்ப் பலகை மாட்டி, ரிப்பன் வெட்டுவதோடு தீர்ந்துவிடக் கூடாது. முதலில் பொறியாளர் வந்து சுவர், அஸ்திவாரம், கூரை ஆகியவற்றின் பலத்தைச் சோதிக்க வேண்டும். தேறாத கட்டடத்தை இடிப்பதில் தவறில்லை. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் இருந்தால் அதன்மேல் சிமெண்ட் பூசுவது கூடாது. சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிக் காரையை உதிர்த்துவிடும். பாலக்காட்டு மழையில் இது சீக்கிரமே தெரிந்துவிடும். நான்கு பல்புகளுக்காக இழுத்த மின்கம்பியில் மின்விசிறியும் சமையல் அடுப்பும் மாட்டினால் தீவிபத்து நிச்சயம். மின்கம்பிகளைப் புதிதாகவே இழுக்க வேண்டும். ஆட்கள் தூங்கும் இடத்துக்கு வெளியே செல்ல இரண்டு வழிகளாவது தேவை. அந்த வழிகளில் மூட்டை அடுக்கக் கூடாது. ஊன்றுகோலுடன் வருபவருக்குப் படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதையும் இருக்கட்டும்.

இந்த வேலையில் ஈடுபடப் போகும் கொத்தனார், தச்சர், பெயிண்டர், எலெக்ட்ரீஷியன் ஆகியோரில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களாகவே இருப்பர். கேரளத்தில் எழுந்த எத்தனையோ மாடிகளில் அவர்கள் கைபட்டிருக்கிறது. கட்டியபின் உள்ளே இருக்க அவர்களுக்கு உரிமை கிடைத்த கட்டடங்கள்தாம் மிகக் குறைவு. வரைபடம் போடும்முன் அவர்களையும் லாரிக்காரர்களையும் அழைத்து ஒரு நாள் பேசினால், எங்கே குழாய் வேண்டும், எங்கே துணி காயப்போட இடம் வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். எந்தப் படித்த நிபுணரும் அந்த யோசனையை உதறித் தள்ள மாட்டார்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழும். முகப்பில் சில கடைகளை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையைப் பராமரிப்புக்கே செலவிடலாம். டீக்கடையும் சாப்பாட்டுக் கடையும் பழையபடி வாழும். வெளியூர்க்காரருக்கு இவ்வளவு செய்ய வேண்டுமா என்று கேட்பவர்களும் இருக்கலாம். கேரளத்தின் சமையலறைக்கு நாள்தோறும் காய்கறி கொண்டுவருபவர்கள் அந்த வெளியூர்க்காரர்களே என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். தமிழ்நாடு அரசும் ஒதுங்கி நிற்கக் கூடாது. இரு மாநில அரசுகளும் செலவைப் பகிர்ந்துகொண்டு இதைச் செய்தால், எல்லையில் தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசிக்கொள்ளும் இரண்டு அண்டை வீட்டார் ஒரு நல்ல காரியத்தைச் சேர்ந்து செய்ததாகவும் இருக்கும்.

வரிச் சாவடியின் வேலை முடிந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டன. தொழிற்சங்கங்களும் லாரி உரிமையாளர் சங்கங்களும் கேரளத்தில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் ஒன்று கூடி, பாலக்காடு மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு மனு கொடுக்க வேண்டும். வாளையாரில் உள்ள பொதுக் கட்டடங்களில் எவை பயனின்றி இருக்கின்றன, எவற்றைச் சீர்செய்ய முடியும் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் அதுவே முதல் படியாகும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதைச் செய்து முடிப்பது நிர்வாகத்தின் கடமை. பல்லாண்டுகள் அங்கே காத்துக் கிடந்தவர்கள் படுத்து இளைப்பாற ஓர் இடம் கேட்பது பேராசை ஆகாது.