மாநகர இரயிலும் களம்பூர் நிலையமும்

மாநகர இரயில் திட்டங்களால் விளையும் ஆதாயம் பெரிதா, அவை விழுங்கும் செலவு பெரிதா என்னும் வினா தலைநகர மக்களுக்கே உரியது என நம்மில் பலர் கருதுகின்றனர். பட்டு நெய்யும் களம்பூருக்கு அதனோடு என்ன தொடர்பு என்று கேட்போரும் உளர். தொடர்பு உண்டு என்பதே நம் கருத்து. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கும் வரை அச்சுமையின் பெரும்பகுதி மாநில அரசின் தோளிலேயே கிடந்தது. மாநிலக் கருவூலம் சென்னையில் மட்டும் நிரம்புவதன்று. ஆரணிப் பட்டுக்கும் களம்பூர் அரிசிக்கும் அதில் பங்குண்டு.

இதனைப் பொறாமையாற் கூறுகின்றோம் என எவரும் எண்ணற்க. இரயிலால் ஊர் வளரும் என்பதற்குச் சென்னையே சான்று. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. இன்று அவ்வழியெங்கும் இடைவெளியின்றிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. அந்த வளர்ச்சியின் விலையை எந்தப் பயணச்சீட்டுக் கணக்கிலும் காண இயலாது. 2015இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதன்முதலாக ஓடிய மெட்ரோவும் அவ்வாறே. சாலை நெரிசலில் கரையும் நேரத்தை அது மீட்டுத் தருகிறது. நம் பகுதியிலிருந்து பிழைப்புக்காகவும் மருத்துவத்துக்காகவும் சென்னை செல்வோரும் அப்பயனைத் துய்க்கின்றனர்.

செலவோ பணத்தோடு முடிவதில்லை. பணி நடக்கும் வீதிகளிற் சிறு வணிகர் ஆண்டுக்கணக்கில் வாடிக்கையை இழக்கின்றனர். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையிற் சுரங்கப்பணி நடந்த இடத்தில் சாலையே உள்வாங்கி, ஒரு பேருந்தும் ஒரு மகிழுந்தும் பள்ளத்தில் இறங்கியதை நாடு கண்டது. ஜப்பானிடமும் ஆசிய வளர்ச்சி வங்கி முதலியவற்றிடமும் பெற்ற கடனை அடுத்த தலைமுறை அடைத்தாக வேண்டும்.

இவ்வளவுக்கும் பின்னர் மெட்ரோ தகும் என முடிவு செய்வது எதனால்? இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி உள்ளது. 2017இல் வெளியான மெட்ரோ இரயில் கொள்கை, கட்டண வருவாயை மட்டும் பார்ப்பதில்லை. மிச்சமாகும் நேரம், எரிபொருள், குறையும் விபத்து, மாசு ஆகியவற்றையும் பணமாக மதிப்பிட்டு, அவ்வாறு கணக்கிட்ட பொருளாதாரப் பயன் 14 விழுக்காடு இருக்கவேண்டும் என்கிறது. நல்ல கணக்குத்தான், மனித நேரத்துக்கு மதிப்பளிக்கும் கணக்கு. ஆயின் சிற்றூர்கள் பாதை கேட்கும்போது, 'போதிய வருவாய் இல்லை' என்னும் பழைய கோலே கையில் எடுக்கப்படுகிறது. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களே 20 இலட்சம் மக்கள்தொகை என்னும் வரம்பு காட்டித் திருப்பியனுப்பப்பட்டன என்றால், ஆரணியின் குரல் எம்மாத்திரம்! அளவையிலும் நிறுவையிலும் வஞ்சிப்போரைக் கண்டிப்பதற்கென்றே 'அல்முதஃப்பிஃபீன்' என்னும் அத்தியாயத்தைத் திருமறை கொண்டுள்ளது. கடைத்தெருத் தராசுக்கு மட்டுமா அக்கண்டனம்? அரசின் தராசுக்கும் அது பொருந்தும் என்றே நாம் கொள்கிறோம்.

நம் நிலையை நோக்குவோம். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை, அதாவது நம் வட ஆர்க்காட்டு மண்ணுக்குத்தான் வந்தது. எனினும் பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணிக்கு இன்றும் சொந்த நிலையம் இல்லை. 'ஆரணி ரோடு' என்று பெயர் தாங்கிய நிலையம் களம்பூரில் நிற்கிறது. ஆரணியோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அப்பால். விழுப்புரம் காட்பாடிப் பாதை 2010இல் அகலப்பாதையாயிற்று. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை வந்த வண்டி 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பெற்றது. அதனை நன்றியோடு குறிப்பிடுகிறோம். ஆரணி வழியாகச் செல்லவேண்டிய திண்டிவனம் நகரிப் பாதையோ 2006-07இல் அனுமதி பெற்றும் நெடுங்காலமாக ஊர்ந்துகொண்டிருக்கிறது.

சேலை மூட்டையைச் சுமந்து பேருந்து மாறிப் பேருந்து ஏறிச் செல்லும் நெசவாளிக்கு அன்று தறி நின்ற நாள். அந்நாளின் கூலியை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. சென்னை அலுவலரின் அரைமணி நேரத்துக்கு விலை உண்டெனில், இந்த முழுநாளுக்கும் விலை உண்டு.

பாதை போட்டால் மட்டும் போதுமா என்று கேட்பாரும் உண்டு. போதாதுதான். சேப்பாக்கம் வரை 1995இலும் வேளச்சேரி வரை 2007இலும் ஓடிய சென்னைப் பறக்கும் இரயில் அதற்குப் பாடம். மாளிகை போன்ற நிலையங்கள் எழுந்தன. இறங்கியவரை வீடு சேர்க்கும் இணைப்புப் பேருந்து போதிய அளவில் வாய்க்காமையால் பல நிலையங்கள் ஆளரவமற்றுக் கிடந்தன. களம்பூர் நிலையத்துக்கு நாம் கேட்பது மாளிகையன்று. வண்டி வந்து நிற்கும் வேளையில் ஆரணிக்குப் புறப்படும் ஒரு பேருந்து வேண்டும். அதற்குக் கோடிகள் தேவையில்லை, இரு துறையினர் ஒரு மேசையில் அமர்ந்து நேரப்பட்டியலை ஒப்புநோக்கினாற் போதும். திண்டிவனம் நகரிப் பாதைக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையை முடிவு செய்யும்போது மெட்ரோவுக்குக் கையாளும் அதே கணக்கை நம் ஊருக்கும் கையாள வேண்டும். அக்கணக்கைப் போட்டுக் காட்டும் பணியை நம் கல்லூரிப் பொருளியல் மாணவரே தொடங்கலாம். ஆரணியிலும் களம்பூரிலும் தறி தறியாகச் சென்று, பயணத்தில் இழந்த நாள்களைக் கேட்டெழுதினால், ஊர்ப் பெரியோர் அதனைக் கையிலேந்தி அரசிடம் செல்ல இயலும்.