பாட்டி எதனால் இறந்தாள்?

நம் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி எந்த நோயில், எந்த வயதில் இறந்தார்? அப்பாவுடன் பிறந்த அத்தைகள்?

குலதெய்வம் எந்த ஊர் என்றால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். தாத்தா காலத்தில் விற்ற நிலத்துக்கு நான்கு எல்லையும் சொல்வோம். இந்தக் கேள்விக்கு மட்டும் "வயித்துல ஏதோ கட்டி", "பொம்பளைங்க சமாச்சாரம்", "ரொம்ப நாள் சீக்கு" என்று பதில் வரும். புற்றுநோய் என்ற சொல் வாயில் வராது. இந்த மழுப்பலை நாம் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது நம் மகள்களுக்கும் பேத்திகளுக்கும் நாம் செய்யும் துரோகம் என்கிறேன். சொல் கடுமைதான், காரணத்தையும் கேளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எல்லாப் புற்றுநோயும் மரபணுவில் ஏற்படும் கோளாறால்தான் வருகிறது. அதற்காக எல்லாம் பரம்பரை நோய் ஆகிவிடாது. பெரும்பாலான கோளாறுகள் நாம் பிறந்த பிறகு உடம்பின் ஏதோ ஓர் உறுப்பில் உண்டாகின்றவை. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, மது, சில வைரஸ்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வயது. அப்பா பீடி குடித்து வாங்கிக்கொண்ட நுரையீரல் புற்று மகனுக்குச் சொத்தாகப் போவதில்லை. பெற்றோரிடமிருந்து கோளாறான மரபணுவே வந்து சேர்வதால் ஏற்படும் புற்றுநோய் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான்.

1971-இல் ஆல்ஃபிரட் நுட்சன் என்ற அமெரிக்க மருத்துவர், குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றை ஆராய்ந்து இந்த வேறுபாட்டை விளக்கினார். என் பாணியில் சொல்கிறேன். கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்று அம்மா கொடுத்தது, மற்றொன்று அப்பா கொடுத்தது. ஒரே செல்லில் இரண்டும் உடைந்தால்தான் திருடன் நுழைவான். சாதாரணமாக இரண்டும் உடைய வெகு காலம் ஆகும். சில குடும்பங்களில் பிறக்கும்போதே ஒரு பூட்டு உடைந்திருக்கும், அதுவும் உடம்பின் எல்லாச் செல்களிலும். மிச்சம் ஒன்றுதான். அதனால்தான் அந்த வீடுகளில் நோய் இளவயதிலேயே வருகிறது, இரண்டு கண்ணிலும், இரண்டு மார்பிலும் வருகிறது. வந்தே தீரும் என்பதல்ல. வாய்ப்பு மிக அதிகம்.

எந்த வீட்டில் பூட்டு உடைந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற மருத்துவப் பேராசிரியரிடம் அவருக்குத் தெரிந்த தையல்காரப் பெண் ஒருவர், "எங்கள் வீட்டில் எல்லோரும் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள். நானும் அப்படித்தான் போவேன்" என்று வருத்தப்பட்டார். பேராசிரியர் அதை அலட்சியம் செய்யவில்லை. அந்தக் குடும்பத்தின் கிளைகளை எல்லாம் வரைந்து 1913-இல் வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே இளம் வயதில் கருப்பைப் புற்றில் இறந்தார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் அதே குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். இன்று அந்த நோய்க்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். அந்தக் குடும்பத்தில் கோளாறான மரபணு எது என்று ஆய்வகம் கண்டுபிடிக்க 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தையல்காரப் பெண்ணிடம் எந்தக் கருவியும் இல்லை. தன் வீட்டில் யார் எதில் செத்தார்கள் என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நம்மிடம் அதுதான் இல்லை. நான் ஆயுள் காப்பீட்டுத் துறையில் 34 ஆண்டுகள் குப்பை கொட்டியவன். புரொபோசல் படிவத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர் இறந்த வயதும் காரணமும் கேட்டு ஒரு கட்டம் இருக்கும். 41 வயதில் இறந்த தாய்க்கு "முதுமை" என்று எழுதிய படிவம் என் மேஜைக்கு வந்திருக்கிறது. விசாரித்தால், "அதையெல்லாம் எதுக்கு சார் கிளறணும்?" என்பார்கள்.

எதற்கு என்று சொல்கிறேன். என் நண்பர் ஒருவரின் மூத்த மகளுக்கு 37 வயதில் மார்பகப் புற்று. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். "யாருக்கும் இல்லை" என்றார்கள். ஓராண்டு கழித்து, எண்பதைத் தாண்டிய பெரியம்மா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: நண்பரின் அத்தைகள் இருவர் போனதும் இதில்தான். ஒருவருக்கு மார்பு, மற்றவருக்குச் சினைப்பை. பிறகுதான் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். பிஆர்சிஏ1 மரபணுவில் கோளாறு. 33 வயதுத் தங்கைக்கும் அது இருந்தது. அவள் இப்போது ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பில் இருக்கிறாள். அத்தைகளின் கதை பத்து வருடம் முன்னால் வெளியே வந்திருந்தால் அக்காவும் அப்படி இருந்திருக்கலாம்.

இனி, வழக்கமாக வரும் மறுப்புகள்.

"சொன்னால் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாது." இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் தரகரிடம் சொல்லச் சொல்லவில்லை. உங்கள் மகளிடம் சொல்லுங்கள் என்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு புற்றுநோய் பரம்பரையில் வராதபோது, எல்லாவற்றையும் மூடி மறைப்பதால்தான் எல்லா வீட்டின் மேலும் சந்தேகம் விழுகிறது.

"அது அம்மா வழியில்தானே வரும்?" இல்லை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 கோளாறு அப்பாவிடமிருந்தும் வரும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வருகிறது. கட்டிக்கொடுத்த அத்தையை வேறு வீட்டுக்காரி என்று நாம் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். ரத்தம் எடுத்துவிடுவதில்லை.

"தெரிந்து என்ன ஆகப்போகிறது, விதி." விதியல்ல. லிஞ்ச் குடும்பத்தில் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்து, குடலில் முளைப்பதைப் புற்றாகும் முன்பே எடுத்துவிடலாம். பிஆர்சிஏ கோளாறு உள்ளவர்கள் பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பையையும் கருக்குழாயையும் அகற்றிக்கொள்ளலாம். நடிகை ஏஞ்சலினா ஜோலியின் தாய் 56 வயதில் புற்றுநோயில் இறந்தவர். தனக்கும் பிஆர்சிஏ1 கோளாறு உண்டு என்று தெரிந்ததும் ஜோலி அறுவை செய்துகொண்டு, 2013-இல் அதை ஊரறிய எழுதினார்.

"அதான் டெஸ்ட் வந்துடுச்சே, பணம் கட்டினால் முடிந்தது." இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குடும்ப வரலாறு தெரியாமல் ஆரோக்கியமான பேத்தியை நேரே பரிசோதனைக்கு அனுப்புவது தலைகீழ் வேலை. முதலில் நோய் வந்தவருக்குச் செய்யவேண்டும். கோளாறு எங்கே என்று அவரிடம் தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். அப்படியில்லாமல் செய்தால் "மாற்றம் இருக்கிறது, அர்த்தம் நிச்சயமில்லை" என்று அறிக்கை வரலாம். ஒப்பிட்டுப் பார்க்க உள்ள தகவல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை என்பதால் நம்மவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் முழு நிம்மதிக்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே பரிசோதனைக்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசகரைப் பார்க்கவேண்டும். அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? உங்கள் பாட்டி எதனால் இறந்தார் என்பதுதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அவர் அதை மறைத்துவைக்கவில்லை. அந்தத் துக்கத்திலிருந்துதான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. நம்மால் மருத்துவமனை கட்ட முடியாது. ஒரு தாளில் எழுத முடியும்.

அடுத்து குடும்பம் கூடும் நாளில், வீட்டில் மூத்தவர் நினைவோடு இருக்கும்போதே, உட்கார்ந்து எழுதுங்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும், மூன்று தலைமுறைக்கு, பெயர், உறவு, எந்த உறுப்பில் நோய், எந்த வயதில் வந்தது. 50 வயதுக்குள் வந்த மார்பகப் புற்று அல்லது குடல் புற்று, எந்த வயதிலும் வந்த சினைப்பைப் புற்று, ஆணுக்கு வந்த மார்பகப் புற்று, ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு வந்த புற்று: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் தாளோடு புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் அந்த நிம்மதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். மருமகளிடமும் மருமகனிடமும் அவர்கள் வீட்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.