துப்பாக்கி வேண்டாம், துணைக்கு ஆள் அனுப்புங்கள்

2023 பிப்ரவரி 12 விடிவதற்குள் போளூர், கலசபாக்கம், திருவண்ணாமலையில் நான்கு ஏடிஎம்களை காஸ் கட்டரால் வெட்டி, 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிச் சென்றது ஒரு கும்பல். தனிப்படைகள் ஹரியாணா வரை போய் ஆட்களைப் பிடித்துவந்தன. பாராட்ட வேண்டிய வேகம்.

அதே ஆண்டு ஏப்ரல் 25. தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) லூர்து பிரான்சிஸ் பட்டப்பகலில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் கடத்தல் பற்றி முன்பே போலீஸில் புகார் கொடுத்திருந்தவர் அவர். பணம் போன பின் காட்டிய வேகத்தில் பாதியை, உயிர் போகும் முன் அந்தப் புகாரில் காட்டியிருக்கக் கூடாதா?

இத்தகைய கொலைகளுக்குப் பிறகு, “எங்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள்” என்ற குரல் ஊழியர்களிடம் எழுவது இயல்பு. அந்தக் கோபம் நியாயமானது; கோரிக்கைதான் சரியல்ல. வி.ஏ.ஓ. அலுவலகம் என்பது பெரும்பாலும் ஒற்றை அறை. ஒரு மேசை, அதன்மேல் அடங்கல் பதிவேடு, எதிரே சான்றிதழுக்குக் காத்திருக்கும் நாலு பேர். குனிந்து எழுதிக்கொண்டிருப்பவர் மீது அரிவாள் பாயும்போது, இழுப்பறையில் இருக்கும் துப்பாக்கி எதற்கு உதவும்? குறி தவறினால் விழப்போவது வரிசையில் நிற்கும் ஆயா.

பயிற்சி பெற்ற கையிலும் ஆயுதம் திசைமாறும். 2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூர் - மும்பை ரயிலில், பாதுகாப்புக்குச் சென்ற ஆர்.பி.எஃப். காவலரே தன் மேலதிகாரியையும் மூன்று பயணிகளையும் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி மலிந்த அமெரிக்காவில்கூட, ஓக்லஹாமா 2004-இல் கொண்டுவந்த சட்டம் பணியிட வளாகத்தில் நிறுத்திப் பூட்டிய காருக்குள் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான் ஊழியருக்கு இடம் தந்தது. பணியிடத்துக்குள் தடை விதிக்கும் அதிகாரம் முதலாளியிடமே இருக்கிறது.

நம் ஊரில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். அந்தக் கட்டுப்பாடு அப்படியே நீடிக்கட்டும். ஆனால், ஊழியரை வெறுங்கையோடு அனுப்பும் அரசு, அவர் உயிருக்கு முழுப் பொறுப்பேற்க வேண்டும். செய்யாற்றில் மணல் வண்டியை மறிக்கப் போகும் போளூர் வட்ட வி.ஏ.ஓ.வும் தலையாரியும் தனியாகப் போகக் கூடாது. போலீஸ் உடன் வராவிட்டால் போக மறுக்கும் உரிமையை அரசாணையாகவே எழுதிக் கொடுங்கள். மிரட்டல் புகார் வந்தால் அன்றைக்கே வழக்குப் பதியுங்கள்.

முறப்பநாடு வழக்கில் அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு விரைவாக வந்தது, பாதுகாப்புதான் வரவில்லை.