வான் அளவைத் தரவு: அணுகலுக்கு விண்ணப்பிக்கும் முறை

வான் அளவை என்பது வானத்தின் பெரும்பகுதியை ஒரே கருவியால், ஒரே முறையில் பதிவு செய்வதாகும். அப்பதிவுகளை யார், எப்போது, எந்த நிபந்தனையில் எடுத்தாளலாம் என்பதை ஒவ்வோர் அளவைக்கும் உரிய தரவுக் கொள்கை தீர்மானிக்கிறது. இக்கொள்கைகள் மூவகைப்படும். முதல் வகையில், வெளியீட்டு நாளிலேயே தரவு எல்லோருக்கும் திறந்துவிடப்படும். இரண்டாம் வகையில், அவதானித்த குழுவுக்கு ஒரு பிரத்தியேகக் காலம் தரப்பட்டு, அது முடிந்ததும் காப்பகம் பொதுவாகும். மூன்றாம் வகையில், நாடு, நிறுவனம், பங்களிப்பு ஆகியவற்றின் அடிப்படையில் தரவுரிமை பெற்றவர்களே குறித்த காலம்வரை அணுகலாம். தேவையான தரவு இம்மூன்றில் எதைச் சேர்ந்தது என்பதை அறிந்த பின்னரே விண்ணப்பம் எழுதத் தொடங்க வேண்டும்.

முதல் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா செய்மதி. 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 ஜனவரிவரை அவதானித்த இச்செய்மதியின் மூன்றாம் தரவு வெளியீடு 2022 ஜூன் 13 அன்று வந்தது. ஏறத்தாழ 180 கோடி வான்பொருள்களின் அட்டவணை அன்றே உலகம் முழுவதற்கும் கிடைத்தது. கருவியைக் கட்டியவர்களுக்கும் தனிச்சலுகைக் காலம் இருக்கவில்லை. இங்கு பதிவு செய்வது அனுமதிக்காக அன்று. பதிவு செய்தவர் நீண்ட வினவல்களை இயக்கலாம், முடிவுகளைத் தன் கணக்கில் சேமித்து வைக்கலாம். இதற்கு மாறாக, நியூ மெக்சிகோவின் 2.5 மீற்றர் தொலைகாட்டியில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்லோன் வான் அளவையில், உறுப்பு நிறுவனங்கள் தரவை முன்னதாகப் பெறுகின்றன. எனினும் அதன் தரவு வெளியீடுகள் அனைத்தும் பின்னர் பொதுவாகியுள்ளன.

இரண்டாம் வகைக்கான முதன்மை எடுத்துக்காட்டுகள் இந்தியாவில் உள்ளன. புனேக்கு வடக்கே கோடாட்டில், 45 மீற்றர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட மாபெரும் மீற்றலை வானொலித் தொலைகாட்டியின் அவதானங்கள் 18 மாதங்களின் பின் காப்பகத்தில் பொதுவாகின்றன. அதன் பயனை 150 மெகாஹேர்ட்ஸ் வான் அளவை காட்டுகிறது. 2010 முதல் 2012 வரை பதிவான அத்தரவைக் காப்பகத்திலிருந்து எடுத்து, ஹுய்ப் இன்டெமாவும் சக ஆய்வாளர்களும் முழுமையாக மீளச் செயலாக்கினர். வானத்தின் 90 சதவீதத்தை உள்ளடக்கி, 6 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வானொலி மூலங்களை அட்டவணையிட்ட அவர்களின் ஆய்வு 2017இல் வெளியானது. அளவையைத் திட்டமிட்டவர்களுக்கு வெளியே இருந்தோரும் அதனை நிறைவாக்க முடிந்தது, காப்பகம் திறந்திருந்ததால்தான்.

2015 செப்டம்பரில் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செய்மதியின் காப்பகத் தரவும் பெங்களூருக்கு அருகே பையலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் ஊடாகப் பதிவு செய்து பெறத்தக்கது. யாழ்ப்பாணத்து ஆய்வாளருக்கு இன்னும் அண்மையில் இருப்பது கொடைக்கானல் சூரிய அவதான நிலையம். 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியத் தட்டுப் படங்களை இந்திய வான்பௌதிகவியல் நிறுவகம் எண்ணிமமாக்கியுள்ளது. நூறாண்டைக் கடந்த இத்தொடர், சூரியப் புள்ளிச் சுழற்சியை ஆராயும் பட்டதாரி மாணவருக்குத் தொலைகாட்டியில் நேரம் கேட்காமலே தொடங்கத்தக்க பொருள்.

விண்ணப்பம் உண்மையிலேயே கனமாவது மூன்றாம் வகையில்தான். சிலியின் செரோ பச்சோன் மலையில் 8.4 மீற்றர் ஆடியும் 3200 மெகாபிக்சல் கமராவும் கொண்ட வேரா ரூபின் அவதான நிலையம், 2025 ஜூன் 23 அன்று முதற் படங்களை வெளியிட்டது. ஒரு வாரத்தில், ஜூன் 30 அன்று, முதல் முன்னோட்டத் தரவு வந்தது. அமெரிக்க, சிலி நாடுகளின் நிறுவனங்களைச் சேர்ந்த அறிவியலாளருக்குத் தரவுரிமை உண்டு. பிற நாடுகளில், பொருள்வழிப் பங்களிப்பு ஒப்பந்தத்தின் கீழ்ப் பெயர் குறிக்கப்பட்டோருக்கும் அவர்களின் வழிகாட்டலில் உள்ள சில இளநிலை ஆய்வாளருக்கும் அது கிடைக்கும். இவ்வுரிமை பிறந்த நாட்டைப் பொறுத்ததன்று, பணிபுரியும் நிறுவனத்தைப் பொறுத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவர் தரவை அணுகலாம். யாழ்ப்பாணத்தில் அவருக்குப் பௌதிகவியல் கற்பித்த விரிவுரையாளர் அணுக முடியாது.

ஆயினும் கதவு முழுவதும் மூடப்படவில்லை. ஒவ்வொரு தரவு வெளியீடும் இரண்டு ஆண்டுகளின் பின் பொதுவாகும். மூலத்தை மீளப் பெற முடியாத வழிநிலை முடிவுகளை உரிமையாளர் பிறருடன் பகிரலாம். வானில் தோன்றும் மாற்றங்களை ஏறத்தாழ 60 செக்கன்களில் தெரிவிக்கும் அறிவிப்புகள் எந்தத் தடையுமின்றி உலகுக்குப் பொதுவாக வகுக்கப்பட்டவை. அவற்றை வடிகட்டித் தரும் லசேர், ஃபிங்க், அலெர்சே, அன்டாரெஸ் ஆகிய சேவைகளைப் பயன்படுத்தத் தரவுரிமை தேவையில்லை.

அணுகல் விண்ணப்பங்கள் பெரும்பாலும் நான்கு விடயங்களையே கேட்கின்றன: ஆள் அடையாளம், நிறுவன இணைப்பு, ஆய்வு நோக்கம், நிபந்தனைகளுக்கான உடன்பாடு. தனியார் மின்னஞ்சலைவிடப் பல்கலைக்கழக மின்னஞ்சலே இணைப்புக்கு ஏற்ற சான்று. அதிகம் தவறுவது நோக்கத்தில்தான். "மாறும் விண்மீன்களை ஆராய்தல்" என்பது நோக்கமன்று, தலைப்பு. ஆர்ஆர் லைரே வகை விண்மீன்களின் அலைவு காலத்தை எந்த வெளியீட்டின் எந்த அட்டவணையிலிருந்து கணிப்பது, வானின் எப்பகுதியை எடுத்துக்கொள்வது, எத்தனை பொருள்களை எதிர்பார்ப்பது, முடிவை எதனுடன் ஒப்பிடுவது, தரவைக் கையாள்வோர் யார் என்பவற்றை ஒரு பக்கத்தில் சொன்னால் அது நோக்கம். பொதுத் தரவில் அதே முறையைச் சிறு அளவில் செய்து பார்த்த முடிவொன்றை இணைப்பது, விண்ணப்பதாரர் தரவைப் பயன்படுத்தக்கூடியவர் என்பதற்கு வலுவான ஆதாரம்.

கணினி வசதியின்மை இப்போது பெரிய தடையன்று. ரூபின் ஓர் இரவில் ஏறத்தாழ 20 டெராபைட் பதிவு செய்யும். அதனைத் தரவிறக்குவது எவருக்கும் நடைமுறையன்று என்பதால், தரவு இருக்கும் இடத்திலேயே கணிப்புத் தளமும் அமைக்கப்பட்டுள்ளது. கையாவின் காப்பகமும் வினவலைத் தன் கணினியில் இயக்கி, விடையை மட்டும் அனுப்புகிறது. யாழ்ப்பாணத்தை அடுத்த வேலணைத் தீவில் சாதாரண இணைய இணைப்புடன் இருப்பவரும் இவ்வேலையைச் செய்யலாம்.

அளவை காட்டும் பொருள்களைத் தாமே அவதானிக்க விரும்புவோருக்கு வானமும் துணைநிற்கிறது. வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரை ஏறத்தாழ 9.6 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. வடவானம் முழுவதும், வானநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 80 பாகைவரையான பகுதியும் அங்கு அடிவானுக்கு மேல் எழுகின்றன. ஸ்லோனின் வடவானமும் ரூபினின் தென்வானத்தின் பெரும்பகுதியும் அதில் அடங்கும். ரூபின் காணும் பொருள்களிற் பெரும்பாலானவை சிறு தொலைகாட்டிக்கு மிகவும் மங்கலானவை. ஒளிர்வு மிக்க சிலவற்றைத் தொடர்ந்து அவதானிப்பது மட்டுமே நடைமுறைக்கு ஏற்றது. இலங்கையில் அதற்கு மொரட்டுவை ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி உண்டு.

அனுமதி கிடைத்த பின்னும் பொறுப்பு தொடர்கிறது. கணக்கின் கடவுச்சொல்லைப் பகிர்வதும், பிரத்தியேகக் காலத்திலுள்ள தரவைப் படியெடுத்து வெளியாருக்குக் கொடுப்பதும் கொள்கை மீறல். கட்டுரையில் அளவை கேட்கும் நன்றியுரையை அதன் சொற்களிலேயே இட வேண்டும். பயன்படுத்திய வெளியீட்டின் இலக்கத்தைக் குறிக்க வேண்டும். வினவலையும் நிரலையும் பாதுகாக்க வேண்டும்.

இப்பொறுப்பைத் தனி மாணவரின் தலையில் வைப்பது நியாயமன்று. வடக்கின் பௌதிகவியல் துறைகள் தரவுக் கொள்கைகளைப் படித்து ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒருவரை நியமிக்க வேண்டும். முன்னைய விண்ணப்பங்களின் படிகளைப் பேண வேண்டும். தீவகப் பாடசாலைகளில் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர்களுக்கு வருகை ஆய்வாளர் இணைப்பு வழங்க வேண்டும். ஆர்வமும் பயிற்சியும் உள்ள ஆசிரியர் ஒருவர் நிறுவன முகவரி இல்லாத ஒரே காரணத்தால் வெளியே நிற்கக்கூடாது. தரவுரிமைக்கான பங்களிப்பு ஒப்பந்தங்களை நிறுவனங்களே செய்ய முடியும். அதற்கு முன் பொதுத் தரவில் வெளியான தரமான ஆய்வுகள் கையில் இருக்க வேண்டும். அவற்றை இன்றே தொடங்க எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.