தவணையில் கதவு திறக்காது

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற சாலையில் இருக்கிற எலவனாசூர்கோட்டையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகிற பகுதி இது. இங்கே உட்கார்ந்துகொண்டு கோல்ஃப் கிளப் கட்டணத்தைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

பிரிட்டனில் கோல்ஃப் கிளப்புகள் ஆண்டுச் சந்தாவை மாதத் தவணையாகப் பிரித்து வாங்குவது சாதாரண வழக்கம். நம் நாட்டிலும் விடுமுறை விடுதிகளின் உறுப்பினர் திட்டங்கள் இ.எம்.ஐ.யில் விற்கப்படுகின்றன. லட்சக்கணக்கான ரூபாயை மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மாதாமாதம் கட்டட்டும், மேட்டுக்குடி விளையாட்டு எல்லோருக்கும் திறந்துவிடும் என்று இதை ஜனநாயகமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். இத்தனை நாள் நம்மை வெளியே நிறுத்தியது விலை மட்டும்தானா?

தவணை நமக்குப் புதிதல்ல. நம் காலனிகளில் டூவீலர் தவணையில்தான் வந்தது. பீரோவும் டிவியும் அப்படித்தான் வந்தன. குழுக் கடன் டியூவைக் கட்டுவதற்காக விடியற்காலையில் கரும்பு வெட்டப் போகிற பெண்களுக்குத் தவணையைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வண்டிக்குக் கடைசித் தவணையைக் கட்டிவிட்டால் ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்துவிடும். நீ எந்தத் தெரு என்று ஷோரூமில் கேட்க மாட்டார்கள். பொருளை விற்கிறவனுக்குப் பணம் போதும்.

உறுப்பினர் என்பது பொருள் அல்ல. அது இன்னொருவரோடு சமமாக உட்காருகிற உரிமை. அங்கே பணம் இரண்டாவதாகத்தான் வருகிறது. டவுனில் வாடகை வீடு தேடிப் போகிற நம் பிள்ளைகளுக்கு இது தெரியும். அட்வான்ஸ் கையில் இருக்கும், அரசு வேலையும் இருக்கும். 'சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம்' என்ற கேள்விக்குப் பிறகு வீடு 'ஏற்கெனவே பேசி முடித்ததாக' ஆகிவிடும்.

கோயில் திருவிழா வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வட மாவட்டங்களில் பல ஊர்களில் தலித் மக்கள் 'எங்கள் வரியையும் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கேட்டு நின்றிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வாங்க மறுத்திருக்கிறார்கள். பணத்தை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு அவர்கள் பணக்காரர்கள் அல்ல. வரியை வாங்கிவிட்டால் பங்காளியாக ஏற்றுக்கொண்டதாகிவிடும். தேர் நம் தெருவுக்கு வர வேண்டியிருக்கும், பரிவட்டத்தில் பங்கு கேட்போம். நம் மாவட்டத்திலேயே, எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 2 அன்று போலீஸ் பாதுகாப்போடுதான் நுழைய முடிந்தது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில்தான் நம் மக்கள் உள்ளே போய் வழிபட்டார்கள். இந்த இரண்டு இடத்திலும் கட்டணம் ஒரு பிரச்சினையே இல்லை.

கிளப்பின் வழக்கம் இதிலிருந்து தூரத்தில் இல்லை. பழைய கிளப்புகளில் விண்ணப்பம் போட்டால் மட்டும் உறுப்பினர் ஆக முடியாது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பிறகு குழு கூடித் தீர்மானிக்கும். பிடிக்காதவர் என்றால் ரகசிய வாக்கில் தள்ளிவிடுவார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே நமக்குச் சொந்தக்காரரோ, ஒன்றாகப் படித்தவரோ, ஒரே மேசையில் சாப்பிடுகிறவரோ இல்லையென்றால் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவோம். தவணைக்கான பக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் கிளப்புக்கு, மேகாலயாவைச் சேர்ந்த காசி இனப் பெண் ஒருவர் அழைப்பின் பேரில் விருந்தினராகச் சாப்பிடப் போனார். உடுத்தியிருந்தது அவர்களுடைய பாரம்பரிய உடையான ஜைன்செம். வேலைக்காரி போல இருக்கிறார் என்று சொல்லி அவரைச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எழுந்து போகச் சொன்னார்கள். அவருடைய சாப்பாட்டுக்கு யார் பணம் தருவது என்று யாரும் கேட்கவில்லை. பார்த்ததும் முடிவு செய்துவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே தொழில்முறை கோல்ஃப் சங்கமான பி.ஜி.ஏ., 'வெள்ளையர் மட்டும்' என்ற விதியை 1961 வரை எழுத்திலேயே வைத்திருந்தது. அகஸ்டா நேஷனல் கிளப்பில் முதல் கறுப்பின உறுப்பினர் சேர்க்கப்பட்டது 1990-ல். அது வரை அங்கே கறுப்பர்கள் பை தூக்கினார்கள். 1990-க்கு முன் கட்டணம் கட்ட வசதியுள்ள கறுப்பர் ஒருவர்கூட அமெரிக்காவில் இல்லையா? இருந்தார்கள். அந்த ஆண்டு ஷோல் கிரீக் கிளப் கறுப்பரைச் சேர்க்க மறுத்த செய்தி வெளியாகி, விளம்பர நிறுவனங்கள் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டன. பாகுபாடு காட்டுகிற கிளப்பில் போட்டி நடத்த மாட்டோம் என்று பி.ஜி.ஏ. டூர் அமைப்பு விதி செய்தது. கதவு அப்படித்தான் திறந்தது.

'கிளப் தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது அவர்கள் உரிமை' என்று வாதம் வரும். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்பதும் உண்மை. 2005-ல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், ஒரு சங்கம் பார்சிகளை மட்டும் உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. சரி, சங்கம் தனியார். நிலம் யாருடையது?

சென்னை கிண்டியைப் பாருங்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 160.86 ஏக்கர் அரசு நிலம் 1945-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. குதிரைப் பந்தய ஓடுதளத்துக்கு நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஆண்டுக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. வாடகை பாக்கி 730.86 கோடி ரூபாயைக் கட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. வழக்குகள் அதன் பிறகும் தொடர்ந்தன.

குழு லோனில் ஒரு டியூ தவறினால் வீட்டு வாசலில் வந்து உட்காருகிறார்கள். அரசு நிலத்துக்கு வாடகை பாக்கி என்றால் பல பத்தாண்டுகள் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. உண்மையில் கோல்ஃபுக்கு இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருப்பவர்கள் நாம்தான். ஏக்கருக்கு நாலு ரூபாய் போக மீதி வாடகையை இந்த மாநிலத்து மக்கள் விட்டுக்கொடுத்து, ஆண்டுக்கு ஆண்டு கட்டியிருக்கிறார்கள். அப்படிக் கட்டியும் யாரும் உறுப்பினர் ஆகவில்லை.

இன்னொரு நிலக்கணக்கும் நமக்கு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கப் போராடியபோது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு தலித்துகள் உயிரிழந்தார்கள். ஒரே அரசின் கையிலிருந்து போன இரண்டு வகை நிலம். ஒன்றில் குத்தகைக்காரருக்குப் பொறுமை காட்டப்பட்டது. இன்னொன்றில் உரிமைக்காரருக்குத் துப்பாக்கி காட்டப்பட்டது.

நம் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு வராது என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. டெல்லியில் கேடியாகப் பை தூக்கிய அலி ஷேர் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓபன் வென்றார். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 இரண்டு ஆண்டும் அதே கோப்பையை வென்றார். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் வேலைக்காரர் வழியாக உள்ளே போய் ஜெயித்தவர்கள் இவர்கள். உறுப்பினர் வழி திறந்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

'இதற்கெல்லாம் சட்டம் போட முடியுமா' என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் தடுக்கப்பட்டார். தமிழகமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டிக்குத் தடை போடும் கிளப்பின் உரிமம் ரத்தாகும், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நாம் அந்தச் சட்டத்தை வரவேற்கிறோம். கிளப் தனியார் என்ற வாதம் அன்று யார் வாயிலும் நிற்கவில்லை. வேட்டிக்கு ஒரு மாதத்தில் கிடைத்த நீதி, வேட்டி கட்டியிருக்கிற மனிதனின் சாதிக்கு ஏன் கிடைக்கக் கூடாது? 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்துதான் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் நமக்குச் சட்டப்படி திறந்தன. பொது நிலத்தில் இருப்பது பொது என்பதுதான் அதன் அடிப்படை. நூறு ஆண்டுக்குப் பிறகு அதே கொள்கையைப் புல்வெளிக்கும் கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள் எளிமையானவை. அரசு நிலத்திலோ குத்தகையிலோ நடக்கிற ஒவ்வொரு கிளப்பும் தன் நிலப் பரப்பு, வாடகை, பாக்கி, காத்திருப்போர் பட்டியல், உறுப்பினர்களின் சமூகப் பிரிவு வாரியான எண்ணிக்கை ஆகியவற்றை வெளியிட வேண்டும். முன்மொழிவு, வழிமொழிவு முறையை ஒழித்து, விண்ணப்பித்த வரிசைப்படி சேர்க்க வேண்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர்களுக்கு அந்த மைதானங்களில் பயிற்சி நேரம் ஒதுக்க வேண்டும். கோல்ஃபின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் பொது நிலம்தான். உறுப்பினராக இல்லாதவரும் கட்டணம் கட்டி ஆடலாம், ஞாயிற்றுக்கிழமை ஊர் மக்கள் அதில் நடந்துபோகிறார்கள். அங்கே முடிகிறது என்றால் இங்கேயும் முடியும்.

குடிநீர், சுடுகாட்டுப் பாதை, பட்டா என்று ஆயிரம் பிரச்சினை இருக்க, கோல்ஃப் ஒரு பிரச்சினையா என்று நம் ஆட்களே கேட்பார்கள். அந்த ஆயிரத்துக்கும் தீர்ப்பு எழுதுகிற அதிகாரிகளும் வக்கீல்களும் முதலாளிகளும் மாலையில் சந்தித்துக்கொள்கிற இடம் கிளப். வேலையும் ஒப்பந்தமும் சிபாரிசும் அங்கே கைமாறுகின்றன. அந்த மேசையில் நமக்கு நாற்காலி இல்லாததும் நம் சுடுகாட்டுக்குப் பாதை இல்லாததும் ஒன்றோடொன்று சேர்ந்த விஷயங்கள்.

தவணை வரட்டும், நாம் எதிர்க்கவில்லை. முதலில் அந்தப் படிவத்திலிருந்து முன்மொழிபவர் கையெழுத்துக்கான கட்டத்தை எடுக்கச் சொல்கிறோம்.

ஜெய்பீம்.