உறுப்பினர் பதிவேடு பொய் சொல்லலாமா?

டாஸ்மாக் கடை வேண்டாம் என்று ஊர் திரண்டால், சில நேரம் அரசு இறங்கிவருகிறது; 2023 ஜூனில் ஒரே நாளில் 500 கடைகள் மூடப்பட்டன. ஆனால், கடை போன இடத்துக்குப் பக்கத்திலேயே ‘மனமகிழ் மன்றம்’ என்ற பெயர்ப்பலகை முளைக்கிறது என்ற புகார் ஓயவில்லை. இம்மன்றங்களுக்குக் கிடைப்பது எப்.எல்.2 உரிமம், உறுப்பினர்களுக்காக நடக்கும் லாப நோக்கற்ற மன்றங்களுக்கானது அது. நடைமுறையோ வேறு என்கிறார்கள்: வாசலில் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நிமிடமே ‘தற்காலிக உறுப்பினர்’. மன்றங்களை ஒழிக்க வேண்டியதில்லை. உறுப்பினர் முறை பொய்யானால் உரிமமும் போக வேண்டும் என்பதே நியாயம்.

மன்றங்களுக்குச் சட்டம் காட்டும் சலுகை முழுவதும் உறுப்பினர் என்ற ஒற்றைத் தூணில்தான் நிற்கிறது. மன்றம் தன் உறுப்பினருக்குக் கொடுப்பது விற்பனை ஆகாது, தங்கள் பொருளைத் தாங்களே பகிர்ந்துகொள்வது என்று சென்னையின் யங் மென்ஸ் இந்தியன் அசோசியேஷன் வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்கத்தா கிளப் வழக்கில் 2019-ல் அதை மீண்டும் உறுதிசெய்தது. மன்றங்களில் நடக்கும் சீட்டாட்டத்துக்கோ லாப நோக்கின்மையே அளவுகோல். செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் 1968-ல் ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்ற நீதிமன்றம், ஆட்டத்தில் மன்றமோ உரிமையாளரோ லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் எச்சரித்தது. வழிப்போக்கர் காசு கொடுக்க, லாபம் ஒருவர் பைக்குப் போனால் அது மன்றம் அல்ல, பார்.

இதைப் பிடிக்கச் சோதனை, ரெய்டு எல்லாம் தேவையில்லை. பிரிட்டனின் 2003 உரிமச் சட்டப்படி, மன்றத்துக்குக் குறைந்தது 25 உறுப்பினர்கள் வேண்டும். விண்ணப்பித்தவர் உறுப்பினர் சலுகைகளைப் பெற இரண்டு நாளாவது காத்திருக்க வேண்டும். மது கொள்முதலில் யாரும் கமிஷன் பார்க்கக் கூடாது. இதே விதிகளை இங்கும் வைக்கலாம். நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. இங்கே மது மொத்த விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால், எந்த மன்றம் எவ்வளவு வாங்குகிறது என்ற கணக்கு அரசிடமே இருக்கிறது. பதிவேட்டில் நூறு பேர், இறங்கும் சரக்கோ ஆயிரம் பேருக்கு என்றால் அதுவே போதுமான சாட்சி.

தனியார் இடத்தில் அரசு மூக்கை நுழைக்கலாமா என்று கேட்பார்கள். 2014-ல் வேட்டி கட்டிச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையின் கிரிக்கெட் சங்க மன்றம் ஒன்று திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு, வேட்டிக்குத் தடை போடும் மன்றத்தின் உரிமத்தை ரத்துசெய்யச் சட்டமே வந்தது. உடைக்காக நுழைந்த அரசு, உரிமத்தின் அடிப்படை நிபந்தனைக்காக நுழைவதில் என்ன தவறு? கெடுபிடி கூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பார்கள். 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது மலிவாகக் கிடைத்த மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம். அதற்கு மருந்து போலி மன்றங்கள் அல்ல. ஒழுங்காக நடக்கும் மன்றங்களுக்குச் சுமை என்பதும் பொருந்தாது. பெயர்பெற்ற பழைய மன்றங்களில் இடம் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவற்றுக்கு இரண்டு நாள் ஒரு பொருட்டா?

ஆகவே, உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் ஒவ்வொரு மன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கையையும் கொள்முதல் அளவையும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை பொதுவெளியில் வைக்கட்டும். கணக்கு ஒத்துவராத மன்றத்துக்கு உரிமம் எதற்கு என்று அந்தந்த ஊரே கேட்டுக்கொள்ளும்.