இறவா வேர்

வழக்கிறந்த சொல்லை மீட்பது பிணத்துக்கு மருந்திடுவது போலாம் என்று எள்ளுவார் உளர். அன்னார் ஐசுலாந்து மொழியின் 'சீமா' என்னும் வினைச்சொற்குப் பிறப்பு வரலாறு காண்பாராக.

'சீமா' என்பதற்குத் தொலைபேசுதல் என்பது பொருள். தொலைபேசியைக் குறிக்கும் 'சீமி' என்னும் பெயரடியாகப் பிறந்த வினை இது. சீமியோ புத்தாக்கம் அன்று. இழை, கயிறு என்னும் பொருளில் அம்மொழியின் பழஞ்சுவடிகளில் உறங்கிக் கிடந்த சொல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டறிஞர் அதனை மீட்டெடுத்துப் புதுக்கருவிக்குச் சூட்டினர். 1906ஆம் ஆண்டில் கடலடிக் கம்பி அத்தீவை எட்டியபோது, பெயர் முன்னரே அணியமாயிருந்தது. அன்று அங்கு வாழ்ந்தோர் ஓரிலக்கத்தினுங் குறைவு. முடியாட்சியோ தென்மார்க்கு நாட்டினது.

அம் முடியாட்சியார் மொழி என் செய்தது? 'தெலிபோன்' என்னும் கிரேக்க வேர்ப்பெயரை இரந்து பெற்றது. அதனைத் 'தெலிபோனேரெ' என வினையாக்குதற்குச் செருமன்வழி வந்த பிரெஞ்சு ஈற்றையும் இரந்து பெற்றது. பெயரும் இரவல், வினையீறும் இரவல்! சீமாவோ தன் தாய்மொழி ஈறேற்றுச் 'சீமாதி' என இறந்தகாலங் காட்டும்.

பழைய ஆங்கிலத்திலும் இச்சொல் கயிறென்னும் பொருளில் வழங்கிற்று. அங்கே அதனைச் சாகவிட்டுக் கிரேக்கத்திடம் கையேந்தினர். சொல் தானே இறப்பதில்லை. எடுத்தாளாமையே அதனைக் கொல்கிறது.

"கம்பியற்ற கைப்பேசிக்கு இழையென்னும் பெயர் பொருந்துமோ?" எனின், பஞ்சின் நூற்பெயரைச் சுவடிக்கு இட்ட தமிழர்க்கு இந்த ஐயம் எழலாகாது. இருவரை இணைப்பது இழைதானே! ஐசுலாந்தர் கைப்பேசியைப் 'பார்சீமி' என்கின்றனர். செலவின்போது உடன்வரும் சீமி என்பது கருத்து. தொலைபேசி உரையாடல் 'சீம்தால்' எனப்படும். ஒரு வேர் எத்தனை கிளை விட்டது, காண்க. இன்றைப் பேச்சில் மணியொலித்தலைக் குறிக்கும் 'இரிங்யா'வே மிகுதியெனினும், அதுவும் அவர்தம் சொந்த வினையே.

இன்றும் ஏறத்தாழ 4 இலக்கம் மக்களே வாழும் நாட்டுக்கு இது கைகூடிற்று. கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்குச் சொல்வளம் போதாதென்பார், தம் சோம்பலை மொழியின் தலைமேல் ஏற்றுகின்றனர். சுவடியைத் திறந்து பார்த்தபின் அவர் பேசுக!